இருபத்தெட்டுக்குப் பிறகு முப்பது

3 பிப்ரவரி 2025, திங்கள்

பழைய நோட்டு முடிந்துவிட்டது. இது புதியது. இருநூறு பக்கம், கோடு போட்டது.

புது நோட்டின் முதல் பக்கத்தில், பின்னால் யார் எடுத்துப் படித்தாலும் விளங்கும்படி எழுதிவைப்பது என் வழக்கம். இது பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் ஒலிநூலகத்தின் சர்வர் குறிப்பேடு. பார்வையற்ற மாணவர்களுக்காகத் தன்னார்வலர்கள் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து தருகிறார்கள். அந்தப் பதிவுகள் எல்லாம் பொருநை என்று பெயர் வைத்த எந்திரத்தில் இருக்கின்றன. மாநிலம் முழுக்க முந்நூற்று நாற்பது பிள்ளைகள் அதிலிருந்து இறக்கிக் கேட்கிறார்கள். பக்கத்தில் சித்தாறு என்று இன்னொரு சின்ன எந்திரம். எதையும் முதலில் சித்தாறில் செய்து பார்த்துவிட்டுத்தான் பொருநையில் கை வைக்க வேண்டும். இரண்டிலும் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். கெட்டுப்போனால் கூப்பிட்டுத் திட்ட ஆள் கிடையாது, நாமேதான் உட்கார வேண்டும். உட்காருகிறவன் நான், குற்றாலிங்கம். முன்பு இசக்கியம்மாள் என்பவரும் இருந்தார். 2022-இல் தானாகவே வேலையை விட்டுப் போய்விட்டார்.

இன்று: பொருநையின் இரண்டு டிஸ்க்குகளில் முதலாவது படிக்கும்போது பிழை காட்டுகிறது. பதினான்கு பிழை. இரண்டிலும் ஒரே சரக்குதான், ஒன்று போனாலும் மற்றது தாங்கும். ஆனாலும் பிளஸ் டூ தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில் இப்படிப் படுத்துகிறதே என்று எரிச்சலாக இருக்கிறது. செயலாளர் ஜெபமணி டீச்சரிடம் புது டிஸ்க் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

4 பிப்ரவரி, செவ்வாய்

பிழை 31. டிஸ்க்கை மாற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் சுத்தம் செய்தேன். தற்காலிகக் கோப்புகளை நீக்கினேன். பழைய லாக் கோப்பு ஒன்றை வேறு இடத்துக்கு நகர்த்தினேன். அதனால் மிச்சமான இடம் நாற்பது கேபி, இரண்டு மூன்று நொடிப் பதிவுக்குத்தான் காணும்.

யார் எப்போது எந்த மேசையிலிருந்து உள்ளே வந்தார் என்பதை எந்திரம் மாதத்துக்கு ஒரு கோப்பாக எழுதி வைக்கும். சாதாரணமாக மூன்று மாதம் வைத்தால் போதும். ஐந்து வருடத்துக்கு வைக்கும்படி மாற்றி அமைத்தவர் இசக்கி. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. போன மாதத்துடையது பூஜ்யம், அதற்கு முந்தையது ஒன்று என்று பின்னோக்கிப் போகும். இன்று அப்படியே பின்னால் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு தூரம் போக வேண்டிய வேலை ஒன்றும் இல்லை.

வீட்டில் தண்ணீர் மோட்டாரும் மக்கர்.

5 பிப்ரவரி, புதன்

பிழை 31-லேயே நிற்கிறது. டிஸ்க் நாளை வரும். வீட்டு மோட்டார் சரியாகிவிட்டது, காற்றுப் பிடித்திருந்ததாம்.

6 பிப்ரவரி, வியாழன்

காலை பத்தரைக்குப் பொருநையை முறைப்படி நிறுத்தினேன். பழைய முதல் டிஸ்க்கைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரையில் ஒரு கோடு மினுக்கியது. அதற்கு மேல் எதுவும் இல்லை.

பூட் ஆக டிஸ்க் கிடைக்கவில்லை என்கிறது. இரண்டாவது டிஸ்க் நல்லபடியாக இருக்கிறது, மாட்டியும் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து எழுந்திருக்க மறுக்கிறது. பயந்துபோய்ப் பழைய டிஸ்க்கையே திரும்ப மாட்டினேன். டக் டக் என்று சத்தம் வந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது.

இப்படி ஆனால் என்ன செய்வது என்று இசக்கி விவரமாக ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். அந்தக் குறிப்பு பொருநைக்குள் இருக்கிறது.

நானும் நோட்டு எழுதுகிறவன்தான். ஆனால் என்னுடையது தாளில். “கோப்பா வச்சா நானும் படிப்பேன்லா சார்” என்று அந்தக் காலத்தில் இரண்டு மூன்று தடவை கேட்டார். இசக்கிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கையால் எழுதினால்தான் எனக்கு மண்டையில் நிற்கும் என்று சொல்லிவிட்டேன்.

மாலை ஐந்து வரை முட்டி மோதினேன். தொலைபேசி இன்று இருபத்திரண்டு தடவை அடித்தது. எல்லாம் பிள்ளைகள். வேதியியல் வரவில்லை, பொருளியல் வரவில்லை.

7 பிப்ரவரி, வெள்ளி

இணையத்தில் பார்த்து மூன்று வழிகள் முயன்றேன். எந்தக் கட்டளையை எந்த டிஸ்க்கில் அடிக்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் அடிக்கிறேன். உள்ளே ஆறாயிரம் மணி நேரப் பதிவு இருக்கிறது. பாடப் பதிவுகளின் நகல் மட்டும் அன்றன்றைக்குச் சித்தாறுக்குப் போகிறது என்றாலும், அந்தச் சின்ன எந்திரத்தால் முந்நூற்று நாற்பது பேருக்குப் பரிமாற முடியாது.

டீச்சர் இசக்கியைக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன், எடுக்கவில்லை என்றேன். பிற்பகலில் டீச்சரே கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாராம். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் தொலைபேசி எடுத்து இணைப்புக் கொடுக்கிற வேலையில் இருக்கிறார். சனிக்கிழமை லீவு, வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நான் கூப்பிடவே இல்லை.

8 பிப்ரவரி, சனி

இசக்கி ஒன்பது மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் கோல், தோளில் லேப்டாப். வாசல்படி எங்கே, சர்வர் அறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதெல்லாம் மறக்கவில்லை. நல்லா இருக்கியளா சார் என்று கேட்டார். இருக்கேம்மா என்றேன். அதற்கு மேல் இருவரும் நலம் விசாரிக்கவில்லை.

எழுந்திருக்காத எந்திரத்துக்குக் குரல் இல்லை. குரல் இல்லாவிட்டால் இசக்கியால் திரையில் இருப்பதை அறிய முடியாது. ஆகவே யுஎஸ்பி குச்சி ஒன்றிலிருந்து தற்காலிகமாக எழுப்பி, நான் திரையைப் படிக்க, அவர் கட்டளை சொல்ல, நான் அடிக்க என்று வேலை நடந்தது. இரண்டாவது டிஸ்க்கில் என்னென்ன பகுதிகள் இருக்கின்றன என்று படிக்கச் சொன்னார். இரண்டு, மூன்று என்று எண் போட்ட பெரிய பகுதிகள் இரண்டையும் படித்தேன்.

“ரெண்டுல இருந்து ஆரம்பிச்சிய. ஒண்ணு எங்க சார்?”

மேலே சின்னதாக ஒரு வரி இருந்தது. பொடிசாக இருக்கிறதே, இது எதற்கு என்று விட்டுவிட்டேன். அதுதான் விஷயமே. எந்திரம் எழுந்திருப்பதற்கான சின்ன நிரல் அந்தப் பகுதியில்தான் இருக்க வேண்டும். இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, நிரல் இல்லை. 2023-இல் இரண்டாவது டிஸ்க்கை மாற்றியது நான். பதிவுகள் எல்லாம் அதில் ஏறியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். இத்தனை நாளும் எந்திரம் முதல் டிஸ்க்கை நம்பித்தான் எழுந்துகொண்டிருந்தது.

“விடாமப் படிங்க சார். எது வேணும், எது வேண்டாம்னு நான் பாத்துக்கிடுதேன்” என்றார் இசக்கி. கோபமாகச் சொல்லவில்லை.

ஒரே ஒரு கட்டளை. பதினொன்றே காலுக்குப் பொருநை எழுந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இசக்கிக்குத் தெரியாது என்று துடைக்காமல் விட்டேன். “மூக்கைச் சிந்துங்க சார்” என்றார்.

பிறகு தன் லேப்டாப்பிலிருந்து உள்ளே வந்தார். திரையைப் படித்துச் சொல்லும் குரல் அவருக்கு மழை மாதிரி கொட்டுகிறது, எனக்கு ஓர் எழுத்து பிடிபடவில்லை. ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் வருகிற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. பொருநை. பொருநை. பொருநை. அது ஏன் என்று கேட்டேன்.

“எந்த மெஷின்ல இருக்கேன்னு அது மொதல்ல சொல்லணும். சொன்னாத்தான் கை வைப்பேன். வேலைல சேந்த அன்னைக்கே செஞ்சு வச்சதுல்லா.”

நான்கு வருடம் பக்கத்து மேசையில் இருந்தேன். காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறார் என்பதற்கு மேல் கவனித்ததில்லை. ஏசியைக் கூட்டிவைக்கிறேன் என்று எழுந்து போனேன்.

10 பிப்ரவரி, திங்கள்

புது டிஸ்க்கில் சரக்கு முழுதும் ஏறிவிட்டது. இரண்டிலும் பூட் நிரல் உண்டு. மாற்றி மாற்றிக் கழற்றிப் பார்த்தேன், எதிலிருந்தும் எழுகிறது. தூத்துக்குடிப் பிள்ளை ஒன்று கூப்பிட்டு வேதியியல் வந்துவிட்டது என்றது. நாளை தைப்பூச லீவு. எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்க்க இசக்கி வருகிறேன் என்றிருக்கிறார். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். பரவால்ல சார் என்றார்.

11 பிப்ரவரி, செவ்வாய்

நூலகத்தில் யாரும் இல்லை. இசக்கி என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஸ்டூலில். ஒரு மணி நேரம் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து கேட்டுக்கொண்டே போனார். நடுவில் நிறுத்தி, ஒரு பட்டியலை மட்டும் மறுபடி, இந்த முறை மெதுவாக, எனக்கும் புரிகிற வேகத்தில் ஓடவிட்டார்.

“இருபத்தெட்டு இருக்கு. அதுக்கு அப்புறம் முப்பது வருது. இருபத்தொம்பது எங்க சார்?”

இடம் போதவில்லை, பழசை நகர்த்தினேன் என்றேன்.

“ஒண்ணை மட்டுமா?”

இசக்கி விரலை மடக்கி மாதங்களை எண்ணினார். இருபத்திரண்டு ஆகஸ்ட் என்று எண்ணி முடித்தார். அந்தக் கோப்பை எடுத்துக் காட்டவா என்று கேட்டேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

“வேண்டாம். எனக்கு அன்னைக்கே தெரியும் சார். ரெண்டு கறுப்பு விண்டோவைப் பக்கத்துல பக்கத்துல வச்சிக்கிட்டு, சித்தாறுன்னு நெனச்சு பொருநைல அடிச்சிருக்கிய. அது கண்ணு தெரிஞ்சவங்க செய்யுத தப்பு. எனக்கு வரிக்கு வரி பேரு சொல்லும். நான் செய்யணும்னு நெனச்சாலும் அந்தத் தப்பு எனக்கு வராது.”

பிறகு ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். என்ன கேள்வி இது என்று கேட்ட மாத்திரத்தில் எனக்கே தெரிந்தது.

“நீங்க சொல்லுவியன்னு நாலு நாளு இருந்தேன்” என்றார் இசக்கி.

லேப்டாப்பை மடித்துப் பையில் வைத்தார். ஆட்டோ வரும்வரை வாசலில் நின்றோம். ஏறும்போது, இருபத்தொன்பதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள், வரிசை கெடக் கூடாது என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டேன்.

12 பிப்ரவரி, புதன்

விட்டுப்போன பதிவு ஒன்று. பழைய நோட்டில் அன்றைய பக்கம் வெறுமையாக இருக்கிறது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

11 ஆகஸ்ட் 2022, வியாழன், பிற்பகல் 3.40. சித்தாறில் சோதனைக்காகப் போட்டிருந்த பாடங்களை அழிக்க வேண்டியிருந்தது. கட்டளையைப் பொருநையில் அடித்துவிட்டேன். பிளஸ் டூ வரலாறு, அறுபத்தொரு பாடம், ஐந்து மாத வாசிப்பு, அழிந்தது. அப்போது அன்றன்றைய நகல் எடுக்கும் ஏற்பாடு இல்லை. செய்தது: குற்றாலிங்கம். இசக்கியம்மாள் மூன்று மணிக்கே பல் டாக்டரிடம் போயிருந்தார்.

அப்போது இருவரும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டில்தான் உள்ளே போவோம், ஆகவே யார் என்பது பதிவாகவில்லை. எந்த மேசை, எத்தனை மணி என்பது மட்டும் இருபத்தொன்பதாம் கோப்பில் இருக்கிறது. கமிட்டி அதைக் கேட்கவில்லை, நானும் எடுத்துக் காட்டவில்லை. மறுநாள் கமிட்டி கூடியது. பார்வை இல்லாத பிள்ளைக்கு எந்தத் திரையில் அடிக்கிறோம் என்று எப்படித் தெரியும், பாவம் என்று பேச்சு வந்தது. பார்வையற்றோருக்காகவே நடத்துகிற நூலகத்தில் இப்படிப் பேசினார்கள். அப்படி நடக்க வாய்ப்பு உண்டா என்று என்னைக் கேட்டார்கள். வாய்ப்பு உண்டு என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன் என்று இரண்டரை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவரிடமிருந்து பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு தொலைபேசி பார்க்கச் சொன்னார்கள். ஐந்தாம் நாள் ராஜினாமா கடிதம் கொடுத்தார். கடிதத்தை டைப் செய்து கொண்டுவந்து, கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைக்க என்னைத்தான் உதவச் சொன்னார். வைத்தேன்.

வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடிப் பயனில்லை.

13 பிப்ரவரி, வியாழன்

நோட்டை டீச்சரிடம் கொண்டுபோய் நேற்றைய பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன்.

“அந்தக் கூட்டத்தில பாவம்னு மொதல்ல சொன்னது நாந்தான், குற்றாலிங்கம்” என்றார்.

பிறகு நோட்டை மூடி என்னிடமே தந்தார். சனிக்கிழமை கமிட்டியைக் கூட்டுகிறேன், அங்கே நீங்களே படியுங்கள் என்றார்.

பொருநை: பிழை இல்லை.

15 பிப்ரவரி, சனி

படித்தேன். ஒன்பது பேர் இருந்தார்கள். முடித்ததும் என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். தண்ணீர்க் கேன் பக்கத்தில் நாற்பது நிமிடம் நின்றேன்.

முடிவு இது. நடந்ததை எழுதி, கமிட்டி எல்லாரும் கையெழுத்திட்டு இசக்கியிடம் மன்னிப்புக் கேட்பது. மார்ச் ஒன்று முதல் பொருநையும் சித்தாறும் அவர் பொறுப்பில். நான் ஒலிப்பதிவுப் பிரிவுக்கு, தன்னார்வலர்கள் படித்ததைப் புத்தகத்தோடு வைத்துச் சரிபார்க்கிற வேலைக்கு. வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அனுப்பாதது இசக்கி சொன்னதால் என்று பிறகு டீச்சர் சொன்னார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

டீச்சர் வியாழக்கிழமையே இசக்கியைக் கேட்டிருக்கிறார். இசக்கி வருகிறேன் என்று உடனே சொல்லவில்லை. ஒரு நாள் யோசித்திருக்கிறார். இன்று மாலை என்னிடம் தொலைபேசியில் பேசினார். இனிமேல் குறிப்பெல்லாம் எந்திரத்திலேயே கோப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றார். சரி என்றேன். இப்போதைய நோட்டும் வேண்டும் என்றார். அதற்கும் சரி என்றேன், கொண்டுவந்து தருகிறேன் என்று.

“பேப்பர்ல தந்தா எனக்கு என்னத்துக்கு சார்? படிச்சுப் பதிஞ்சு குடுங்க.”

16 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் கடைக்குப் போய் இதே அளவில் இன்னொரு நோட்டு வாங்கினேன். பிழை எண்ணிக்கை, டிஸ்க் மாற்றியது, பூட் நிரல் இவற்றை மட்டும் நல்லபடியாக எழுதி அதைப் படிக்கலாம் என்று. அவருக்குத் தேவையானதும் அதுதானே. மூன்று பக்கம் எழுதினேன். நாற்பது கேபியை எழுதவில்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை என்று டீச்சரிடம் சொன்னதையும் எழுதவில்லை.

என் மனைவி வடிவு காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, இருக்கிற நோட்டில் என்ன குறை என்று கேட்டாள். முதலிலிருந்து சொன்னேன். வடிவு புது நோட்டை எடுத்து அந்த மூன்று பக்கத்தையும் புரட்டினாள். பிறகு, “அந்தப் பிள்ளை இம்புட்டு நாளும் எங்கன இருந்துச்சு?” என்று கேட்டாள். தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தது என்றேன்.

மூன்று பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

17 பிப்ரவரி, திங்கள்

பொருநை: பிழை இல்லை. இரண்டு டிஸ்க்கும் நலம். ஏப்ரலில் யுபிஎஸ் பேட்டரியை மாற்ற வேண்டும், இசக்கி கவனிக்க.

இதை ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிர்ச் சுவரில் தன்னார்வலர்களுக்கான விதி ஒட்டியிருக்கிறது. தாளில் இருப்பதில் எதையும் விடக் கூடாது, விட்டது எது என்று கேட்பவருக்குத் தெரியாது. பத்து வருடமாக ஒட்டியிருக்கிறது, எழுதிக்கொடுத்ததே நான்தான். இரண்டாவது பாதி தப்பு. கேட்பவருக்குத் தெரிகிறது.

படிக்க வேண்டிய பக்கங்களை ஒரு தடவை புரட்டினேன். முதல் பக்கத்திலேயே, எல்லாருக்கும் விளங்கட்டும் என்று எழுதிய இடத்திலேயே, ஒரு பொய் இருக்கிறது. அதை அடித்துவிட்டுப் படிக்க முடியாது. அடித்த வரியையும் அடித்தது என்று சொல்லிப் படிக்க வேண்டும் என்பது விதி.

சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. இத்தோடு எழுதுவதை நிறுத்துகிறேன். முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்: புது நோட்டு, இருநூறு பக்கம், கோடு போட்டது, பொருநை, சித்தாறு. அப்புறம் அந்த வரி, என் குரலில், அவர் காதுக்கு. முன்பு இசக்கியம்மாள் என்பவரும் இருந்தார். 2022-இல் தானாகவே வேலையை விட்டுப் போய்விட்டார்.